பாதி வழியில் ஒரு 'ப்ரோ': கேம் கன்சோல்களுக்கு நடுவில் எதற்கு அப்கிரேட்? பிஎஸ்2-க்கும் அப்படி ஒன்று வந்திருந்தால்?

2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அமெரிக்காவில் விலை 499 டாலர். கிட்டத்தட்ட நான்கு வருடம் கழித்து, 2024 நவம்பர் 7-ம் தேதி பிஎஸ்5 ப்ரோ வந்தது. விலை 699.99 டாலர். டிஸ்க் டிரைவ் அதில் கிடையாது, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் இந்த விலையும் 749.99 டாலராக ஏறியது.

இந்தியாவில் பிஎஸ்5 வாங்கியவர்கள் பலர் 50 ஆயிரம் ரூபாய் அளவுக்குப் பணம் போட்டவர்கள். அவர்களுக்கு எழும் கேள்வி நியாயமானது: வாங்கின பெட்டி பாதி ஆயுளிலேயே பழசாகிவிட்டதா? இதற்குப் பதில் தேட, கன்சோல் கம்பெனிகள் இதற்கு முன் நடுவழியில் என்னென்ன செய்தன, எங்கெல்லாம் செய்யாமல் விட்டன என்று பார்க்க வேண்டும்.

மிட்-ஜென் என்றால் என்ன?

ஒரு கன்சோல் தலைமுறை பொதுவாக 6, 7 வருடம் ஓடும். நடுவில் வரும் எல்லா புது மாடலும் மிட்-ஜென் அப்கிரேட் ஆகாது. உடம்பு மெலிந்து வரும் 'ஸ்லிம்' வேறு. உள்ளே இருக்கும் சிப்பின் சக்தியே கூடி, அதே சமயம் பழைய பெட்டிக்கு வந்த கேம்கள் அப்படியே இதிலும் ஓடினால்தான் அது மிட்-ஜென்.

இந்தச் சொல் பரவலானது 2016-க்குப் பிறகு. 2016 நவம்பர் 10-ல் பிஎஸ்4 ப்ரோ (399 டாலர்), 2017 நவம்பர் 7-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் (499 டாலர்). காரணம் டிவி. 1080பி திரையில் இருக்கும் புள்ளிகள் சுமார் 20.7 லட்சம். 4கே திரையில் சுமார் 82.9 லட்சம், அதாவது 4 மடங்கு. கடைகளில் 4கே டிவி குவியத் தொடங்கிய நேரத்தில், 2013-ல் வந்த கன்சோல்களால் அத்தனை புள்ளிகளை நிரப்ப முடியவில்லை.

சரி, ப்ரோவால் முடிந்ததா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிஎஸ்4-ன் கிராபிக்ஸ் சக்தி 1.84 டெராஃப்ளாப்ஸ். ப்ரோவில் 4.2. இது 2.3 மடங்குதான். தேவை 4 மடங்கு! மீதியை ஈடுகட்ட, பாதிப் புள்ளிகளை மட்டும் சதுரங்கக் கட்டம் போல விட்டு விட்டு வரைந்து, இடைவெளியைக் கணித்து நிரப்பும் உத்தியைப் பல கேம்கள் எடுத்துக்கொண்டன. எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் 1.31-லிருந்து 6-க்குப் போனது, 4.6 மடங்கு. எண்களை மட்டும் பார்த்தால் உருப்படியான பாய்ச்சல் அதுதான். பிஎஸ்5 ப்ரோவோ 10.28-லிருந்து 16.7. ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். மீதி வேலையை ஏஐ வைத்துப் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள் பார்க்கிறது.

முன்னாடி ஏன் இப்படி வரவில்லை?

வந்தது. ஆனால் வேறு வேறு வேஷத்தில்.

இதில் எனக்குப் பிடித்தது நின்டெண்டோவின் வழி. சூப்பர் நின்டெண்டோவின் பிராசசர் வேகம் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். அதில் முப்பரிமாண விண்கலங்கள் பறப்பது நடக்காத காரியம். 1993-ல் வந்த ஸ்டார் ஃபாக்ஸில் பறந்தன. சூட்சுமம் கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது நம்ம ஊரில் 'கேசட்' என்று சொன்னோமே, அதற்குள் இருந்தது. சூப்பர் எஃப்எக்ஸ் என்ற தனி சிப்பையே உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த கேம் வேண்டும் என்பவர் மட்டும் அதன் செலவை ஏற்றுக்கொண்டார். கன்சோல் பழசாகவில்லை. சேகாவும் 1994-ல் விர்ச்சுவா ரேசிங் கேமில் இதையே செய்தது. ஒரே ஒரு கார்ட்ரிட்ஜின் விலை 100 டாலரைத் தொட்டது. இந்த வழிக்கு அதுதான் எல்லை.

சேகா அதே வருடம் செய்த இன்னொன்றைத்தான் இன்றுவரை எல்லோரும் எச்சரிக்கையாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1989-ல் ஜெனிசிஸ் கன்சோல் 189 டாலர். 1992-ல் அதன் அடியில் பொருத்த சேகா சிடி 299 டாலர். 1994 நவம்பரில் தலையில் செருக 32எக்ஸ் 159 டாலர். மூன்றுக்கும் மூன்று தனி பவர் அடாப்டர். எல்லாவற்றையும் வெளியான விலையில் வாங்கியிருந்தால் 647 டாலர். அடுத்த ஆறு மாதத்தில், 1995 மே 11-ல், சாட்டர்ன் என்ற முழுப் புது கன்சோலை 399 டாலருக்கு சேகாவே இறக்கியது. 32எக்ஸ் கேம்கள் சுமார் 40-உடன் நின்றன. அந்த ரசிகர்கள் அப்புறம் சேகா சொன்ன எதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

ஜப்பானில் 1989-ல் என்இசி வெளியிட்ட சூப்பர்கிராஃபிக்ஸ் இன்னும் பரிதாபம். பிசி என்ஜின் கன்சோலின் பலசாலி அண்ணன் அது. அதற்கென்றே வந்த கேம்கள் 5.

ஒழுங்காக நடந்த உதாரணங்களும் உண்டு. நின்டெண்டோ 64-ன் முன்பக்க மூடியைத் திறந்து 1998-ல் வந்த ஒரு சின்னக் கட்டையைச் செருகினால் 4 எம்பி ரேம் 8 எம்பி ஆகும். டாங்கி காங் 64 கேமுக்கு அது கட்டாயம் என்பதால் கேமோடு சேர்த்தே கொடுத்தார்கள். அதே 1998-ல் வந்த கேம் பாய் கலர், பழைய கேம் பாயின் வேகத்தை இரண்டு மடங்காக்கியது. கறுப்பு கார்ட்ரிட்ஜ் என்றால் பழசு, புதுசு இரண்டிலும் ஓடும். கண்ணாடி மாதிரி தெரிகிற கார்ட்ரிட்ஜ் என்றால் கலரில் மட்டும். கடையில் நிற்கும் பிள்ளைக்கே புரியும். இவ்வளவு தெளிவை இன்றைய கம்பெனிகளிடம் நான் பார்த்ததில்லை.

2003-ல் ஒரு 'பிஎஸ்2 ப்ரோ' வந்திருந்தால்?

கற்பனைதான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய கற்பனை. பிஎஸ்2 வந்தது 2000-ல். 294.9 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 32 எம்பி ரேம். அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 733 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி என்று வந்து நின்றது. சோனிக்கு ஒரு ப்ரோ வெளியிடக் காரணம் இருந்த மாதிரிதான் தெரியும்.

தடை இரண்டு. முதலாவது, டிவி. 2003-ல் பெரும்பாலான வீடுகளில் இருந்தது பின்பக்கம் பெருத்த பழைய டிவி. கூடுதல் சக்தியைக் கொட்டினாலும் காட்ட இடம் இல்லை. இரண்டாவது, பிஎஸ்2-ன் உள்கட்டமைப்பு. கேம் எழுதியவர்கள் சிப்பின் ஒவ்வொரு பகுதியிடமும் நேரடியாகப் பேசினார்கள், அதன் நேரக் கணக்கை நம்பியே எழுதினார்கள். சிப்பை மாற்றினால் கேம் தடுமாறும். இதற்குச் சாட்சி சோனியே. 2006-ல் வந்த ஆரம்ப கால பிஎஸ்3-க்குள், பழைய கேம்கள் ஓடுவதற்காக பிஎஸ்2-ன் சிப்புகளையே எடுத்து வைத்திருந்தார்கள்.

2003 டிசம்பரில் சோனி உண்மையில் வெளியிட்டது பிஎஸ்எக்ஸ் என்ற பெட்டி, ஜப்பானில் மட்டும். பிஎஸ்2-வோடு ஹார்ட் டிஸ்க்கும் டிவி ரெக்கார்டரும் சேர்ந்தது. விலை 79,800 யென்னிலிருந்து ஆரம்பம். கேம் சக்தி கூடவில்லை, வியாபாரமும் ஓடவில்லை.

ப்ரோ வராததால் யாருக்கு லாபம்? விலையைப் பாருங்கள். அமெரிக்காவில் பிஎஸ்2 2000-ல் 299 டாலர், 2002-ல் 199, 2004-ல் 149, 2009-ல் 99. முதல் நாள் வாங்கியவரிடமும் ஒன்பதாவது வருடம் வாங்கியவரிடமும் கேம் ஒரே மாதிரி ஓடியது. 15.5 கோடிக்கு மேல் விற்ற கன்சோல் அது. பிஎஸ்3 வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 2009-ல், ஹைதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' பிஎஸ்2-க்குத்தான் வந்தது. இந்தியாவில் ஆட்கள் இருந்தது அங்கேதானே. நடுவில் ஒரு ப்ரோ புகுந்திருந்தால், 2004-க்குப் பிறகு வந்த பெரிய கேம்களின் கவனம் அதன் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

வந்திருக்க வேண்டியது எது?

என்னைக் கேட்டால் நின்டெண்டோ வீ. 2006-ல் வந்தது, அதிகபட்சம் 480பி. இரண்டு மூன்று வருடத்தில் வீடுகளுக்கு எச்டி டிவி வந்துவிட்டது. 720பி-க்குப் போக 3 மடங்கு புள்ளிகள் போதும். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பாக்டர் வருடக்கணக்கில் 'வீ எச்டி வரும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த கன்சோலுக்கு இது புதுசும் இல்லை. வீயே முந்தைய கேம்க்யூபின் நீட்சிதான்: 485 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 729 ஆனது, கணக்காக ஒன்றரை மடங்கு. இன்னொரு முறை அதைச் செய்திருக்கலாம்.

நின்டெண்டோ செய்யவில்லை. 2012 நவம்பரில் வீ யூ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெயரைப் பார்த்து, வீயோடு சேர்க்கும் புது கன்ட்ரோலர் போல என்று நினைத்தவர்கள் ஏராளம். வீ விற்றது 10.16 கோடி. வீ யூ 1.36 கோடி.

இப்போது மட்டும் எப்படி எளிதானது?

2013-லிருந்து சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் கம்ப்யூட்டரில் இருக்கும் அதே எக்ஸ்86 வகை சிப்புக்கு மாறினார்கள். சிப்புக்கும் கேமுக்கும் நடுவில் மென்பொருள் அடுக்கு தடிமனானது. சிப் மாறினாலும் கேம் பிழைத்துக்கொள்ளும். அப்படியும் சோனிக்குப் பயம் விடவில்லை. அப்டேட் செய்யாத பழைய கேமைப் போட்டால், பிஎஸ்4 ப்ரோ தன் கிராபிக்ஸ் சிப்பில் பாதியை அணைத்துவிட்டு, வேகத்தையும் குறைத்து, சாதா பிஎஸ்4 மாதிரி நடித்தது. காசு கொடுத்து வாங்கிய சக்தி சும்மா இருந்தது! 'பூஸ்ட் மோட்' வந்தது 2017 மார்ச்சில்.

அப்படியானால் பழைய கன்சோல் வைத்திருப்பவருக்கு இழப்பே இல்லையா?

காகிதத்தில் இல்லை. பிஎஸ்4 ப்ரோ, எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ், பிஎஸ்5 ப்ரோ எதற்கும் தனி கேம்கள் கிடையாது. ஆனால் ஓடுவது வேறு, ஒழுங்காக ஓடுவது வேறு. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077, 2013-ன் கன்சோல்களில் அவ்வளவு மோசமாக ஓடியது. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில் திரும்ப வந்தபோது சோனி கொடுத்த ஆலோசனை: பிஎஸ்4 ப்ரோ அல்லது பிஎஸ்5-ல் விளையாடுங்கள். ப்ரோ வந்த புதிதில் விற்ற பிஎஸ்4-களில் ஐந்தில் ஒன்றுதான் ப்ரோ என்று 2017-ல் சோனியே சொல்லியிருந்தது. மீதி நாலு பேர்?

என் பார்வையில் பெரிய மாற்றம் சக்தியில் நடக்கவில்லை, விலையில் நடந்தது. முன்பெல்லாம் பாதி வழி என்றால் விலை குறையும் நேரம், காத்திருந்தவர்கள் உள்ளே வரும் நேரம். 2016-ல் கூட ப்ரோவோடு 299 டாலருக்கு பிஎஸ்4 ஸ்லிம்மும் வந்தது. இந்தத் தலைமுறையில் அந்தப் பக்கம் காணாமல் போய்விட்டது. 2023-ல் வந்த மெலிந்த பிஎஸ்5, டிஸ்க் மாடலில் அதே 499 டாலர். டிஸ்க் இல்லாத மாடல் 399-லிருந்து 449-க்கு ஏறியது. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த டிஸ்க் மாடல், 2022 நவம்பரில் 54,990 ஆனது. சிப்பைச் சிறிதாக்கினால் விலை இறங்கும் என்ற பழைய கணக்கு இப்போது வேலை செய்வதில்லை.

இந்தியாவில் 2024-ல் பிஎஸ்5 ப்ரோ ஏன் வரவில்லை?

வைஃபை. ப்ரோவில் இருப்பது வைஃபை 7. அது பயன்படுத்தும் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2024-ல் இந்தியாவில் வைஃபைக்குத் திறக்கப்படவில்லை. ப்ரோ இங்கே கிடைக்காததற்கு சோனி சொன்ன காரணமும் அதுவே. அந்த அலைவரிசை தங்களுக்கு வேண்டும் என்று மொபைல் நிறுவனங்கள் ஒரு பக்கம், வைஃபைக்கு விடுங்கள் என்று தொழில்நுட்ப நிறுவனங்கள் இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை அந்த அலைவரிசையின் கீழ்ப் பகுதியை, 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, வீட்டுக்குள் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த வரைவு விதிகளை வெளியிட்டது.

அலைவரிசைச் சிக்கல் தீர்ந்தாலும் விலை ஒன்று இருக்கிறது. ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே 2025 ஆகஸ்ட் விலையான 749.99 டாலர் என்பது சுமார் 63,750 ரூபாய், வரி எதுவும் சேர்க்காமல். பழைய டிஸ்க் வாங்கி, விளையாடி முடித்துவிட்டு அடுத்தவருக்கு விற்கிற ஆளாக இருந்தால், அமெரிக்க விலையில் 79.99 டாலர் ஆகும் டிஸ்க் டிரைவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.