கோடு: பெயரா, வினையா? வேர்ச்சொல் ஆய்வின் வரலாற்றில் ஓர் ஊர்ப்பெயர்

பாலக்காட்டுக் கணவாயில், வாளையாருக்கும் பாலக்காட்டு நகருக்கும் இடையே அமைந்த ஊர் கஞ்சிக்கோடு. அதன் ஈற்றிலுள்ள 'கோடு' கோழிக்கோட்டிலும் உண்டு. மலைமேல் கோயில் கொண்ட திருச்செங்கோட்டிலும் உண்டு. தமிழில் இச்சொல் பெயராக நின்று மலைமுகடு, கொம்பு, மரக்கிளை, வரி எனப் பல பொருள் தரும். வினையாக நின்று வளைதல், நடுநிலை பிறழ்தல் என்று பொருள்படும். 'கோடாமை' என்பது திருக்குறளிலும் பயின்ற சொல். அவ்வாறாயின், வேர் இயல்பில் பெயரா, வினையா?

இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. பெயரும் வினையுமே சொற்பாகுபாட்டின் அடிப்படை என்று கொண்ட தொல்காப்பியர், உரிச்சொல்லைப் பெயரிலும் வினையிலும் வடிவம் தடுமாறித் தோன்றுவது என்று விளக்கினார். உரிச்சொல்லை வேர்ச்சொல்லாகக் கருதும் ஆய்வாளரும் உளர். 13ஆம் நூற்றாண்டு நன்னூலோ, வினைப்பகுதிகளை ஏவல் வடிவில் வைத்து, 23 ஈறுகளாக வகுத்தது.

ஐரோப்பியப் பாதிரிமார் இதே சிக்கலை இலத்தீன் இலக்கணச் சட்டகத்தோடு எதிர்கொண்டனர். என்றீக்கே என்றீக்கசு 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசிய மொழியில் தமிழிலக்கணம் எழுதினார். பிலிப்பைன்சில் பிளாங்காசு தெ சான் ஓசே எழுதிய தகாலோகு இலக்கணம் 1610இல் அச்சேறியது. தகாலோகில் 'லகாத்' என்றால் நடை. முதல் மெய்யை அடுத்து 'உம்' புகுந்து 'லுமகாத்' ஆயின், நடந்தார் என்னும் வினை. வேர் ஒன்றே, வகையைக் காட்டுவது ஒட்டு. 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், திராவிட வேர்கள் பலவும் பெயராகவும் வினையாகவும் வழங்குவதைச் சுட்டினார்.

ஆயினும் தமிழ் வேர், தகாலோகைப் போல் உள்ளொட்டு ஏற்பதில்லை, ஈற்றிலேயே வேறுபடும். பெயராகிய 'கோடு' வேற்றுமை ஏற்கையில் டகரம் இரட்டித்துக் கோட்டில், கோட்டுக்கு என்றாகும். வினையாகிய 'கோடு' இரட்டாமல் கோடினான், கோடிய என்று நடக்கும். இரட்டித்தால் 'கோட்டு', அதாவது வளையச் செய் என்னும் பிறவினையாகிவிடும். ஒரே இரட்டிப்பு இருவேறு பணி செய்கிறது. கஞ்சிக்கோட்டில், கஞ்சிக்கோட்டுக்கு என அவ்வூரார் இன்றும் வழங்குவது முன்னதன் சான்று. அங்கே 'கோடு' பெயர் என்பதில் ஐயமில்லை.

ஆனால், அப்பெயர் வளைதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது என்று துணிய இது போதாது. பர்ரோ, எமனோ இருவரும் தம் திராவிடச் சொற்பிறப்பகராதியில் (1961, இரண்டாம் பதிப்பு 1984) முகட்டைக் குறிக்கும் கோடு, கொம்பைக் குறிக்கும் கோடு, வளைதலைக் குறிக்கும் கோடு ஆகிய மூன்றையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்தனர். கெடு, சுடு என்னும் வினைகளிலிருந்து கேடு, சூடு என்னும் முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள் பிறந்ததற்குத் தெளிந்த விதி உண்டு. முகட்டுக்கும் வளைவுக்கும் இடையே அத்தகைய பாலத்தை முதலில் நிறுவியாக வேண்டும்.

சொல்லின் வகையை அதன் ஈறு காட்டும். அதன் பிறப்பை இனமொழிச் சான்றுகளே காட்டும். ஓசை ஒற்றுமையை மட்டும் கொண்டு ஊர்ப்பெயர்களுக்கு வேர் கற்பிப்போர் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குகின்றனர். எல்லைப்புற ஊர்களில் அம்மயக்கம், ஊர் எம்மொழியார்க்கு உரியது என்னும் வழக்காகவும் வளர்கிறது. 'கோடு' தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான பழஞ்சொல். எல்லைக்கோடு அதற்குப் பின்னரே கிழிக்கப்பட்டது.