எது அசல்? எல்லைச் சாலையில் ஒரு பழைய புல்லட்டின் வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை பாப்பனங்கோடு, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள் ஒன்றை இவ்வெல்லைப் பகுதியில் புதுப்பிக்க முனைபவர் முதலில் தேடுவது 'இங்கிலாந்தில் செய்தது' என்ற முத்திரையுள்ள உதிரிப் பாகங்களை. கிடைப்பதற்கு அரிதான அவற்றுக்கு விலையும் மிகுதி. அம்முத்திரை இல்லாத பாகம் 'லோக்கல்' என்று கழற்றி வீசப்படுகிறது. ஆனால் இந்த வண்டிகளின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், வீசப்படும் பாகத்தில்தான் இந்நிலத்தின் கதை பொதிந்திருக்கிறது என்பது புலப்படும்.

இச்சாலையில் பிரித்தானிய இயந்திரமும் உள்ளூர்க் கைத்தொழிலும் கலந்தது மோட்டார் சைக்கிளால் மட்டுமன்று. 1938 பிப்ரவரி 20-இல் திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்தை மன்னர் சித்திரைத் திருநாள் தொடங்கிவைத்தார். அத்துறையை நடத்த லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து ஈ.ஜி. சால்ட்டர் வரவழைக்கப்பட்டார். பெர்கின்ஸ் டீசல் என்ஜின் பொருத்திய 60 காமர் சேசிஸ்கள் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாயின. அவற்றின் உடற்பகுதியைக் கட்டியவர்களோ சால்ட்டரின் மேற்பார்வையில் பணிபுரிந்த துறைப் பணியாளர்கள். சாக்கையில் இருந்த அப்பணிமனை பின்னர் பாப்பனங்கோட்டுக்கு இடம் மாறியது. அப்பேருந்துகளை ஆங்கில வண்டி என்பதா, திருவிதாங்கூர் வண்டி என்பதா? அன்று எவரும் இக்கேள்வியை எழுப்பியதாகத் தெரியவில்லை, வண்டி ஓடியது.

இரண்டாம் உலகப் போருக்காக நார்ட்டன் 16எச், பி.எஸ்.ஏ. எம்20 போன்ற வண்டிகள் பெருந்தொகையில் உற்பத்தியாயின. போர் முடிந்தபின் இராணுவ உபரியாக அவை இந்தியாவில் தனியார் கைகளுக்கு வந்தன. விடுதலைக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அவற்றுக்கான பாகங்கள் அரிதாயின. ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் வழி மட்டும் வேறாக அமைந்தது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. திருவொற்றியூர் ஆலையில் 1956-இல் பணி தொடங்கியது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து பகுதி பகுதியாக வந்ததை இங்கே பூட்டினார்கள். நிறுவன வரலாற்றின்படி அவ்வாண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் உருவாயின. அடுத்து, பாகங்களைச் செய்வதற்கான வார்ப்புருக்களும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962 அளவில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன.

70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட 346 சி.சி. சிலிண்டர், ஆல்பியன் கியர்பாக்ஸ், வலக்காலால் மாற்றும் கியர், முகப்பு விளக்கின் இருபுறமும் கண்கள்போல் அமைந்த இரு சிறு விளக்குகள் ஆகிய இந்த அமைப்பு சென்னையில் பல பத்தாண்டுகள் பெரிதும் மாறாமல் நீடித்தது. 1967-இல் ரெடிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முற்றிலும் நின்றது. 1977-இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தாய் வீடு அணைத்துவிட்ட அடுப்பில் மகள் வீடு உலை வைத்துக்கொண்டிருந்தது.

இதே ஆண்டுகளில்தான் எல்லைக் கோடும் வரையப்பட்டது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று, அது ஏற்கப்படவில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகியவை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பாறசாலை கேரளத்தில் நின்றது. அடுத்துள்ள களியக்காவிளை தமிழகமாயிற்று. வண்டிகளின் எண்பலகையும் பிரிந்தது. இன்று பாறசாலைக்கு கே.எல். 19, நெய்யாற்றின்கரைக்கு கே.எல். 20, மார்த்தாண்டத்துக்கு டி.என். 75. மரையாணிக்கு மட்டும் மாநிலம் இல்லை.

மரையாணியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பழைய பிரித்தானிய வண்டிகளில் விட்வொர்த் முறை மரைகளும் சைக்கிள் மரைகளும் கலந்திருந்தன. விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரைக்கோ 60 பாகை. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்துள்ள அளவு ஆணித் தலையின் அகலம் அன்று, ஆணித் தண்டின் விட்டம். இதை அறியாமல் மெட்ரிக் ஆணியை வலிந்து முடுக்கினால் என்ஜின் வார்ப்பிலுள்ள மரையே சிதையும். கடையில் கிடைக்காத ஆணியை அதே கோணத்தில் லேத்தில் கடைந்து தரும் கைதான் பழைய வண்டியை ஓடவைக்கிறது. முத்திரையும் முழுச் சான்றாகாது: லூகாஸ் என்ற ஆங்கிலப் பெயரே 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். வாயிலாகச் சென்னையின் பெயராகிவிட்டது.

சட்டமும் இதே கேள்வியை எழுப்புகிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதி செய்தது. விருப்பப்படி கைப்பிடியையும் இருக்கையையும் புகைக்குழாயையும் மாற்றிப் புது உருக் கொடுப்போர்க்கு இது நேரடி எச்சரிக்கை. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், உடற்பகுதி, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி முதல் வடிவில் பேணப்படும் வண்டியே 'விண்டேஜ்' தகுதி பெறும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம், ஆகவே 'கே.எல்.டி.' என்று தொடங்கும் பழைய திருவனந்தபுரம் எண்பலகையும் காக்கத்தக்க ஆவணமே.

ஆனால் 1958-இல் ஆங்கிலப் பாகம் பாதி, சென்னைப் பாகம் பாதியாக ஆலையிலிருந்து வெளிவந்த புல்லட்டுக்கு முதல் வடிவம் எது? சென்னை வார்ப்பை நீக்கி ரெடிச் வார்ப்பைத் தேடிப் பொருத்துபவர் அதை மீட்பதாக எண்ணுகிறார்; உண்மையில் அவ்வண்டி ஒருபோதும் கொண்டிராத ஒரு பிறப்பை அதற்குப் புனைகிறார். புதுப்பிப்போர் செய்யக்கூடியது எளிது: கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, முத்திரையையும் அளவையும் குறித்து, பழையதை எறியாமல் வைத்திருப்பது. பெயர் பதியாத வார்ப்பாளர்களும் கடைசல்காரர்களும் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து அந்த இரும்பில்தான் இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போனால் அதைத் திரும்பப் படிக்க வழியில்லை.