புளியமரத்துப் பல்லிக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர்

பல்லின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டியூப்லைட், சுவர், பஞ்சாங்கத்துல இருக்கிற பல்லி விழும் பலன். இன்னைக்கு நான் சொல்லப்போறது, பெரும்பாலும் மரத்திலேயே வாழ்கிற ஒரு பல்லியைப் பற்றி.

ஒரத்தநாடு பக்கம் எங்க தாத்தா ஊருக்குப் போற சாலையில ஒரு பழைய புளியமரம் இருந்தது. ராத்திரி டார்ச் அடிச்சா மரப்பட்டையே நகர்ற மாதிரி தெரியும். சாம்பல் உடம்பு, முதுகில் அலை அலையாகக் கருங்கோடுகள். அசையாமல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. "மரப்பல்லிடா" என்பார் தாத்தா. அவ்வளவுதான்.

அதன் அறிவியல் பெயர் ஹெமிடாக்டைலஸ் லெஷனோல்டி. லெஷனோ ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர். 1816இல் புதுச்சேரிக்கு வந்து அங்கே தாவரவியல் தோட்டத்தை உருவாக்கியவர். இலங்கைக்கும் போனார். இலங்கையிலிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்த பல்லியை வைத்து, 1836இல் துய்மேரில், பிப்ரோன் என்ற இருவர் இதைப் புதிய இனமாக விவரித்து, அவர் பெயரையே சூட்டினார்கள். அப்போது லெஷனோ இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

லெஷனோ புதுச்சேரியில் இருந்த காலத்தில் தஞ்சாவூரை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவர் 1802இல் கட்டியது. ராமேசுவரம் போகிறவர்கள் அங்கே சாப்பிட்டு, இளைப்பாறிப் போவார்கள். அவர்கள் நிழலுக்கு ஒதுங்கிய மரங்களிலும் இந்தப் பல்லி இருந்திருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

டெல்டாவில் காடு எங்கே இருக்கு? கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தானே! அதனால், சாலையோரப் புளி, ஆல், தோப்பு மா, இவைதான் இந்தப் பல்லிக்குக் காடு. பகலில் பட்டை வெடிப்பில் பதுங்கும். முட்டையிடவும் அந்த மாதிரி இடுக்குதான் வேணும். இரவில் வெளியே வந்து பூச்சி பிடிக்கும். அதாவது, அதுக்கு வேண்டியது வெறும் மரம் இல்லை, வயசான மரம்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல். விடிஞ்சு பார்த்தா தாத்தாவோட புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. நாம தென்னையைத்தான் எண்ணினோம், அது நியாயம்தான், பிழைப்பு போச்சே. பல்லிகளை யாரும் எண்ணலை.

அதே இடத்துல இப்போ ஒரு கன்று நிக்குது. நிழலுக்கு இன்னும் சில வருஷம் போதும். ஆனா அதன் பட்டை வெடிச்சு ஒரு பல்லி குடியேறணும்னா, ஒரு தலைமுறையே ஆகலாம். அதுவரை, நிற்கிற கிழமரங்களையாவது விட்டு வைப்போமே.