பழைய மெட்ராஸ் போட்டோ... எந்தக் காலத்து படம்னு கண்டுபிடிப்பது எப்படி?

ஆகஸ்ட் 22, மெட்ராஸ் தினம் வந்தாலே போதும். வாட்ஸ்அப்பில் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசைகட்டும். ஒரே ரோட்டில் டிராம், மாட்டு வண்டி, கை ரிக்‌ஷா, மோட்டார் கார் எல்லாம் போகும். கீழே, "100 வருஷத்துக்கு முந்தைய சென்னை" என்று ஒரு வரி. அது உண்மைதானா? விடை பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும்.

டிராம் இருக்கா?

மெட்ராஸில் மின்சார டிராம் 1895-ல் ஓடத் தொடங்கி, 1953-ல் நின்றுபோனது. ஓடும் டிராம் தெரிந்தால், படம் அந்த 58 ஆண்டுகளுக்குள் எடுத்தது.

மாட்டு வண்டியை நம்பலாமா?

கூடாது. டிராம் நின்ற பிறகும் மாட்டு வண்டி ஓடியது. மனிதரை மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷாவை தமிழக அரசு ஒழித்ததே 1973-ல்தான். ஜெமினி மேம்பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்! பழசு போய் புதுசு வருவது ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. இரண்டும் ஒரே ஃப்ரேமில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டடம் சொல்லும் கணக்கு

சென்ட்ரல் ரயில் நிலையம் 1873-ல் வந்தது. பக்கத்தில் ரிப்பன் மாளிகை தெரிந்தால், 1913-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்த படம். அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டது 1959-ல். அது முழுசாக நிற்கும் படத்துக்கு "1920-ல் மவுண்ட் ரோடு" என்று போட்டிருந்தால், தலைப்பு தப்பு. ஆனால் ஒரு கட்டடம் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. கேமரா வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.

கலர் படமா? உஷார்!

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இப்போது சாஃப்ட்வேரே கலர் கொடுத்துவிடுகிறது. அது வெறும் யூகம். டிராமுக்கு என்ன நிறம் என்பதற்கு அது சாட்சி ஆகாது. கடை போர்டில் எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தால், படம் இடவலம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் இவ்வளவு கவனம்?

1900-ல் திறந்த மூர் மார்க்கெட், 1985-ல் தீயில் எரிந்தது. பழைய புத்தகம் தேடி மக்கள் அலைந்த அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. மார்க்கெட்டைப் பார்க்க இனி போட்டோதான் வழி. அதில் வருஷத்தை தப்பாகப் போட்டு ஃபார்வர்டு செய்தால், அடுத்த தலைமுறைக்கு அதுவே வரலாறு ஆகிவிடும்.