உறி: ஒரு புழங்குபொருளின் வரலாறு

எகிப்து நாட்டின் செங்கடற்கரையில் குசெய்ர் அல் கதீம் என்னும் பழந்துறைமுகம் ஒன்று உண்டு. உரோமர் காலத்தில் அது மியோசு ஓர்மோசு என வழங்கிற்று. 1999 முதல் 2003 வரை சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது உடைந்த மட்கலம் ஒன்றின் பகுதி கிடைத்தது. அதன்மேல் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு தொடர் இருமுறை கீறப்பட்டிருந்தது. ஐராவதம் மகாதேவன் அதனைப் 'பானை ஒறி' எனப் படித்து, கி.மு. முதல் நூற்றாண்டினதாக மதிப்பிட்டார். 'ஒறி' என்பது உறி என்பதன் வேறு வடிவம் எனவும் விளக்கினார். இச்செய்தி 2007இல் வெளியாயிற்று.

அதே துறைமுகத்தில் முன்னர்க் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்னும் ஆட்பெயர்கள் காணப்பட்டன. இவ்வோட்டில் உள்ளதோ வீட்டுப் பொருளின் பெயர். கலத்தைத் தாங்கிய கயிறு மட்கிப் போயிற்று. அதன் பெயர் மட்டும் கலத்தின்மேல் எஞ்சி நிற்கின்றது. கலை வரலாறு எழுதுவோர் கல்லையும் செம்பையுமே பெரிதும் நோக்குவர். நாரும் கயிறும் மட்கி ஒழிவன ஆதலின், அவற்றின் வரலாற்றுக்குச் சொல்லும் இலக்கியமுமே தலையாய சான்றுகள் ஆகின்றன. அச்சான்றுகளைக் கொண்டு, உறி என்னும் எளிய பொருள் பண்பாட்டில் பெற்ற இடத்தை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

அமைப்பும் பயனும்

உறியாவது கயிற்றாலேனும் நாராலேனும் பின்னப்பெற்று, மேலே ஒரு முடிச்சில் கூடி, கீழே கலம் அமரும் வளையமாக விரியும் தூக்கு. அடி உருண்ட பானை தரையில் தானே நில்லாது. உறியின் வளைவில் அசையாது அமரும். உத்திரத்தில் தொங்கும் உறியை எறும்பும் பூனையும் எளிதில் அணுகா. ஆகவே அதன் பயன் இரண்டு: கலத்தை நிலத்தினின்று உயர்த்திக் காத்தல், கலத்தைத் தூக்கிச் செல்ல உதவுதல். பின்னர் அது பெற்ற பண்பாட்டுப் பொருள்கள் யாவும் இவ்விரு பயன்களினின்றே கிளைத்தன என்பது நம் கருத்து.

ஆயர் உறி

முல்லை நிலத்தில் உறி தொழிற்கருவி. நற்றிணையின் 142ஆம் பாட்டில் பால் விற்கும் இடையன், பல கால்களையுடைய மெல்லிய உறியைத் தீக்கடைகோல் முதலியவற்றோடு தோலில் சுருட்டிச் சுமந்து வருகின்றான். பெரும்பாணாற்றுப்படை, உறி தொங்கும் காவடியைச் சுமந்து சுமந்து தழும்பேறிய ஆயன் தோளைக் காட்டுகின்றது. தொழில் உடலில் இட்ட எழுத்தாக அத்தழும்பு அமைகின்றது.

சிலப்பதிகாரத்தில் இப்பொருள் மேலும் ஒரு நிலைக்கு உயர்கின்றது. கோவலன் கொலையுண்ட நாளில் ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. வரவிருக்கும் கேட்டினை அறிவிக்க அடிகள் விண்மீனையோ கோள்களையோ தேடவில்லை. நாள்தோறும் கை தொட்டுப் பழகிய உறியையே கொண்டார். பழகிய பொருள் தன் இயல்பு மாறும்போதே அச்சம் மிகும் என்பதை அவர் நன்கு உணர்ந்தவர்.

துறவோர் உறி

இல்லத்தில் உடைமையைக் காத்த அதே உறி, இல்லம் துறந்தோர் கையில் வேறு பொருள் பெற்றது. கலித்தொகையின் 9ஆம் பாட்டில் வரும் முக்கோற் பகவர் குடையோடும் முக்கோலோடும் உறியில் தொங்கும் கரகத்தையும் கொண்டுள்ளனர். மதுரைக்காஞ்சி சமணப் பள்ளியைக் கூறுமிடத்து, பல புரிகளையுடைய சிமிலியில் தொங்கும் கரண்டையைக் குறிக்கின்றது. சிமிலி என்பதற்கும் உறி என்பதே பொருள். உடைமை அனைத்தும் ஒரு நீர்க்கலத்தில் அடங்கிய வாழ்வுக்கு உறி அடையாளம் ஆயிற்று.

இவை தோற்றத்தை விளக்க வந்த அடைமொழிகளே. இவற்றில் குறிப்புப் பொருள் காண்பது மிகை எனச் சிலர் கூறலாம். அக்கூற்றுக்கு அப்பர் தேவாரமே விடையாகும். தாம் சமணரோடு வாழ்ந்த காலத்தை எண்ணி வருந்தும் நாவுக்கரசர், உறியிற் கட்டிய குண்டிகையைக் கையில் தூக்கித் திரிந்த நிலையைச் சுட்டுகின்றார். கேட்போர் அப்பொருளைக் கண்ட அளவில் அதனை உடையாரை அறிவர் என்ற நிலை இருந்தாலன்றி அவர் அதனைத் தேர்ந்திரார். மதுரைக்காஞ்சியில் மதிப்போடு நின்ற அடையாளம், சமயப் பூசல் மிக்க காலத்தில் இகழ்ச்சிக்கு உரியதாயிற்று. பொருள் மாறவில்லை; நோக்கு மாறியது.

கண்ணன் உறி

பெரியாழ்வார் திருமொழியின் முதற் பதிகத்தில், கண்ணன் பிறந்த மகிழ்ச்சியால் ஆயர்கள் உறியை முற்றத்தில் உருட்டி ஆடுகின்றனர். நெய்யும் பாலும் தயிரும் எங்கும் தூவப்படுகின்றன. காத்தற்கென உயரத்தில் வைத்த பொருள் தரையில் உருள்கின்றது. இறைவன் வந்த வீட்டில் காவலுக்கு வேலை இல்லை என்பது குறிப்பு.

பாகவதக் கதையைத் தீட்டிய வடநாட்டுச் சிற்றோவியங்களிலும், உரல் மீதோ தோழர் மீதோ ஏறி உறியை எட்டும் பிள்ளை ஓவியர் விரும்பிய காட்சி. அங்கே உறி வெறும் பின்னணி அன்று. எட்டாத உயரமும் எட்டும் கையும் சேர்ந்தே அக்காட்சியை ஆக்குகின்றன. தஞ்சை மாவட்டத்து வரகூர் முதலிய ஊர்களில் நிகழும் உறியடி விழாவும் இக்கதையின் வழிவந்ததே.

முடிபு

ஆயனுக்குத் தொழில், துறவிக்குத் துறவு, அடியார்க்கு விளையாட்டு என ஒரே பொருள் மூவகைக் குறிப்பைத் தாங்கிற்று. இக்குறிப்புகள் அணிவேலைப்பாட்டால் வந்தவை அல்ல. உயர்த்துதல், தூக்கிச் செல்லுதல் என்னும் பயன்களினின்றே வந்தவை. எனவே பயனை அறியாதார்க்குக் குறிப்பும் விளங்காது.

இன்று நம் வகுப்புகளில் இப்பாடல்களைக் கற்கும் மாணவர் பலர் உறியைக் கண்டதில்லை. அகராதிப் பொருள் அவர்க்குச் சொல்லைத் தரும். உருண்ட பானை அதில் ஏன் அமர்கின்றது என்பதைத் தாராது. ஊர்களில் எஞ்சியுள்ள உறிகளின் பின்னல்வகை, அளவு, வட்டார வழக்குப் பெயர் ஆகியவற்றைத் தொகுத்தல் இலக்கிய ஆராய்ச்சிக்கும் உரிய கடமையாகும். கயிறு மட்குமுன் அதனைச் செய்தல் வேண்டும்.