கடன் அவனுக்கு, போன் மாமாவுக்கு

பர்சனல் லோன் ஃபாரத்துல "ரெஃபரன்ஸ்"னு ரெண்டு கட்டம் இருக்கும். பேரு, உறவுமுறை, போன் நம்பர். நாமளும் யோசிக்காம ஒரு மாமா நம்பரையும், ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் நம்பரையும் எழுதிக் குடுத்துடுவோம். பின்னாடி ரெண்டு தவணை தவறினா போன் அந்த மாமாவுக்குப் போகும். "உங்க மருமகன் பணம் கட்டலை சார், கொஞ்சம் சொல்லி வைங்க."

அந்தக் கடனை மாமா கட்டணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை. அது போன் பண்றவருக்கும் நல்லாவே தெரியும். அப்புறம் ஏன் பண்றாங்க? இதைத் தோண்டிப் பார்த்தா, விஷயம் போன் கண்டுபிடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது.

சொந்தக்காரங்களே ஈடு

சுமார் 3,750 வருஷத்துக்கு முன்னாடி பாபிலோனை ஆண்ட ஹம்முராபியோட சட்டத் தொகுப்புல 117-வது விதி இப்படிப் போகுது: கடனுக்காக மனைவியையோ மகனையோ மகளையோ ஒருத்தன் வேலைக்குத் தள்ளிவிட்டா, அவங்க மூணு வருஷம் உழைக்கணும், நாலாவது வருஷம் விடுதலை. கேட்கக் கொடூரமா இருந்தாலும், அந்தக் காலத்துக்கு இது ஒரு பாதுகாப்பு. மூணு வருஷத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாதுன்னு வரம்பு போட்டிருக்காங்களே!

நம்ம ஊர் தர்ம சாஸ்திரங்கள்லயும் குடும்பத்தை விட்டு வைக்கலை. கடனை வசூலிக்க மனு சொல்ற ஐந்து வழிகள்ல ஒண்ணு "ஆசரிதம்". இதுக்கு பிருகஸ்பதி ஸ்மிருதி தர்ற விளக்கத்துல மனைவி, மக்கள், மாடு கன்றைப் பிடிக்கறதும், வாசல்ல போய் உட்கார்றதும் வருது. அப்பா கடனை மகன் வட்டியோட அடைக்கணும், பேரன் அசலை மட்டும் அடைக்கணும்னு கணக்கும் உண்டு. அதுலயும் ஒரு விலக்கு: அப்பா சூதாடியோ குடிச்சோ வெச்ச கடனுக்கு மகன் பொறுப்பில்லை. அடுத்தவன் ஆஜராவான்னு மட்டும் அப்பா நின்ன ஜாமீன் பத்தியும் மனு இதே மாதிரிதான் சொல்றார்; பணம் கட்டறதுக்கே நின்ன ஜாமீன்னா வாரிசும் கட்டணும்.

தமிழ்நாட்டுப் பக்கம் வேற ஒரு காட்சி கிடைக்குது. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கார்: கடன் குடுத்தவன், வாங்கினவனைச் சுத்தித் தரையில ஒரு வட்டம் போட்டுட்டா, பணம் குடுக்காம அவன் வெளியே வரக் கூடாதாம். மீறினா மரண தண்டனை. ராஜாவே ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் பாக்கி வெச்சிருந்து, குதிரை மேல போறப்ப வட்டத்துல மாட்டி, கணக்கைத் தீர்த்துட்டுத்தான் நகர்ந்தார்னும், அதைத் தானே கண்ணால பார்த்ததாவும் சொல்றார். போலோ விடற கதையில எது நிஜம், எது சரடுன்னு இன்னிக்கும் சண்டை போடறாங்க. ஆனா எனக்குப் பிடிச்சது வட்டத்தோட அளவுதான். உள்ளே நின்னது வாங்கினவன் ஒருத்தன் மட்டும்!

சட்டம் மெதுவா கழட்டி விட்டது

அப்புறம் வந்த வரலாறு, கடன்லேர்ந்து சொந்தக்காரங்களை ஒவ்வொருத்தரா இறக்கி விட்ட வரலாறு. 1860 இந்திய தண்டனைச் சட்டம், தெய்வக் குத்தம் வரும்னு பயமுறுத்தி ஒருத்தர் வீட்டு வாசல்ல தர்ணா உட்கார்றதைக் குற்றமாக்கிச்சு (பிரிவு 508). 1866-ல பம்பாய் மாகாணத்துல வந்த சட்டம், அப்பா கடனுக்கு மகன் பொறுப்பு அப்பா விட்டுட்டுப் போன சொத்தோட முடிஞ்சுதுன்னு சொல்லிச்சு. 1872 ஒப்பந்தச் சட்டம் ஜாமீன்தாரரோட பொறுப்பை வரையறுத்துச்சு. அதாவது மாமா கையெழுத்துப் போட்டு ஜாமீன் நின்னா கடன் அவர் தலையிலயும்தான். வெறும் ரெஃபரன்ஸ்னா ஒரு பைசா கிடையாது. இந்த ரெண்டையும் குழப்பி விடறதுலதான் பாதி வசூல் நடக்குது!

கடைசியா, 2005-ல இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினப்போ, மகன், பேரன், கொள்ளுப்பேரன் மேல இருந்த அந்தப் பழைய தார்மீகக் கடமையையும் புதுக் கடன்களுக்கு எடுத்துட்டாங்க. பெண்களுக்குச் சம பங்கு குடுத்த திருத்தம்னுதான் இதை எல்லாருக்கும் தெரியும். இந்த வரியைப் பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்லை.

ஆக, சட்டப்படி குடும்பம் வெளியே வந்தாச்சு. ஆனா சட்டத்தால முடியாததை மானம் செய்யும்னு வசூல்காரங்களுக்குத் தெரியும்.

கண்ணாடி ஜன்னல்ல ஒரு போர்டு

1920-களில் அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்துல ஒரு கராஜ்காரர். உள்ளூர் கால்நடை டாக்டர் ஒருத்தர் அவருக்கு 49 டாலர் 67 சென்ட் பாக்கி. கராஜ்காரர் என்ன பண்ணார்? டாக்டர் பேரையும் பாக்கித் தொகையையும் பெருசா எழுதி, தெருவே பார்க்கற மாதிரி கடை ஜன்னல்ல மாட்டிட்டார். பணம் வர்ற வரைக்கும் இந்த விளம்பரம் இருக்கும்னு அடிக்குறிப்பு வேற. "பிரெண்ட்ஸ் எதிர் மார்கன்"ங்கற அந்த வழக்குல, 1927-ல கென்டக்கி மேல்முறையீட்டு நீதிமன்றம் டாக்டர் பக்கம் நின்னுது. எழுதினது உண்மையாவே இருந்தாலும், ஒருத்தரோட அந்தரங்கத்தை இப்படித் தெருவுக்குக் கொண்டு வர்றது தப்புன்னு சொல்லிச்சு. கடனாளிக்கும் அந்தரங்கம் உண்டுன்னு சொன்ன முக்கியமான தீர்ப்பு இது.

போன் வந்ததும் போர்டு தேவைப்படலை. நேரா அம்மாவுக்கோ முதலாளிக்கோ போட்டா போதும்.

பிரிட்டன் 1970-லயே, கடனாளியையோ அவர் குடும்பத்தாரையோ வீட்டாரையோ பயமுறுத்தி, அவமானப்படுத்தி வசூலிக்கறதைக் குற்றமாக்கிடுச்சு. அமெரிக்கா 1977-ல கடன் வசூல் சட்டம் ஒண்ணு கொண்டு வந்தது. எனக்கு ரொம்பப் பிடிச்ச சட்டம் இது, ஏன்னா ஒரு ப்ரோக்ராமுக்கு ஸ்பெசிபிகேஷன் எழுதற மாதிரி எழுதியிருக்காங்க. வசூல் ஏஜென்ட் மூணாவது ஆளுக்குப் போன் பண்ணலாமா? பண்ணலாம், ஆனா கடனாளி எங்கே இருக்கார்னு கண்டுபிடிக்க மட்டும். தன் பேரைச் சொல்லணும். கேட்டாலொழிய கம்பெனி பேரைச் சொல்லக் கூடாது. அவர் கடன் வெச்சிருக்கார்னு மூச்சு விடக் கூடாது. அந்த ஆளே கூப்பிடச் சொன்னாலோ, முதல்ல தப்பான தகவல் வந்ததுன்னு நியாயமான சந்தேகம் இருந்தாலோ தவிர ரெண்டாவது தடவை கூப்பிடக் கூடாது. போஸ்ட் கார்டு போடவே கூடாது, ஏன்னா தபால்காரரும் படிச்சுடுவார்! ஓட்டையும் உண்டு: இது பெரும்பாலும் வெளி ஏஜென்சிகளைத்தான் கட்டுப்படுத்துது. கடன் குடுத்தவரே தன் பேர்ல வசூலிச்சா, பொதுவா இந்தச் சட்டத்துக்குள்ள வரமாட்டார்.

நம்ம ஊர்ல

ஈட்டிக்காரன் வாசல்ல வந்து நின்ன காலம் போய், கிரெடிட் கார்டும் பைக் லோனும் பெருகினப்போ ரிசர்வ் வங்கி 2003-ல நியாய நடைமுறைக் கோட்பாடு கொண்டு வந்தது. அகால நேரத்துல தொல்லையும் அடியாள் பலமும் கூடாதுன்னாங்க. 2007-ல உச்ச நீதிமன்றமும் வசூலுக்கு அடியாள் வெக்கற வங்கிகளைக் கண்டிச்சது. 2008-ல ரெகவரி ஏஜென்ட்டுகளுக்குத் தனி விதிகளும் பயிற்சியும் வந்தது.

அதுக்குள்ள போன் நம்ம பாக்கெட்டுக்குள்ள வந்துடுச்சு. கொரோனா காலத்துல, 2020-ல, உடனடி லோன் ஆப்கள் செஞ்சது எல்லாத்தையும் மிஞ்சிடுச்சு. இன்ஸ்டால் பண்றப்பவே "கான்டாக்ட்ஸ் பார்க்கலாமா?"ன்னு கேக்கும். அவசரத்துல இருக்கறவர் "சரி"ன்னு தட்டுவார். அவ்வளவுதான், ரெண்டு ரெஃபரன்ஸுக்குப் பதிலா ஐந்நூறு பேர். பெரியப்பா, பழைய டீச்சர், பால்காரர் எல்லாருக்கும் மெசேஜ், சில பேருக்கு ஒட்டு வேலை செஞ்ச படங்களும் போச்சு. அந்த வருஷக் கடைசியில தெலங்கானாவுல இந்த அவமானம் தாங்காம உயிரை விட்டவங்க உண்டு. சில ஆயிரம் ரூபாய்க்கு!

அப்புறம்தான் விதிகள் கூர்மையாச்சு. 2022 ஆகஸ்ட் 12 ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை, காலை 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் கடனாளியை வசூலுக்காகக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிச்சு. அதை விட முக்கியம், கடனாளியோட குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் குடுத்தவங்க இவங்க அந்தரங்கத்துல நுழையறதையும் பேரைச் சொல்லித் தடுத்துச்சு. அதே செப்டம்பர் 2-ம் தேதி டிஜிட்டல் கடன் விதிகள், ஆப்கள் கான்டாக்ட் லிஸ்ட், கால் லாக் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிச்சு. 2023 மே 31 முதல் கூகுள் பிளே ஸ்டோரும் பர்சனல் லோன் ஆப்களுக்கு அந்தக் கதவை மூடிச்சு.

என் குறை ஒண்ணுதான். அமெரிக்கச் சட்டம் "ஒரு தடவை, இதுக்கு மட்டும், இப்படித்தான் பேசணும்"னு அளந்து சொல்லுது. நம்ம சுற்றறிக்கை அவமானப்படுத்தாதே, அந்தரங்கத்துல நுழையாதேன்னு சொல்லிட்டு நிறுத்திக்குது. மாமாவுக்கு வர்ற முதல் போன் விசாரிப்பா, மிரட்டலான்னு ஒவ்வொரு தடவையும் வாதாடணும். அந்த அளவுகோலையும் எழுதிட்டா பாதி தகராறு தீரும்.

அதுவரைக்கும், அப்படி ஒரு போன் வந்தா பேரு, கம்பெனி, நேரம் மூணையும் குறிச்சு வெச்சுக்குங்க. "நான் ஜாமீன்தாரர் இல்லை"ன்னு ஒரே வரியில சொல்லிடுங்க. கடன் வாங்கினவர் அந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலமா புகார் குடுக்கணும். 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். மிரட்டலோ படமோ வந்தா நேரா போலீஸ்தான்.

"கடன்காரன்"ங்கற வார்த்தை தமிழ்ல குடுத்தவனுக்கும் பொருந்தும், வாங்கினவனுக்கும் பொருந்தும். வாங்கினவனோட மாமாவுக்கு மட்டும் எந்த அகராதியிலும் பொருந்தாது.