ஒரு கயிற்றைப் பிடித்த கை

1620. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறப் புறப்பட்டவர்களை ஏற்றிய மேஃப்ளவர் கப்பல், அட்லாண்டிக் கடல் நடுவே புயலில் சிக்கித் தத்தளிக்கிறது. ஏதோ வேலையாக மேல்தளத்துக்கு ஏறிவந்த ஜான் ஹோலண்ட் என்ற இளைஞனை, கப்பல் சாய்ந்த வேகம் கடலில் தூக்கி எறிந்தது. பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஒன்று நீரில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அது அவன் கைக்குக் கிடைத்தது. தண்ணீருக்குள் பல பாகம் ஆழத்துக்கு அமிழ்ந்தபோதும் அவன் பிடியை விடவில்லை. கயிற்றோடு சேர்த்து மேலே இழுத்து, கொக்கிக் கழியால் மாட்டித் தூக்கினார்கள். இதை எழுதிவைத்தவர், பின்னாளில் பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட்.

கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே மாண்டார்கள். எலிசபெத் டில்லி என்ற சிறுமிக்கு அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி என எல்லோரும் போய்விட்டார்கள். அந்த அநாதைப் பெண்ணைத்தான் ஹோலண்ட் மணந்தார். பத்துப் பிள்ளைகள். பத்துப் பேரும் ஆளாகி, மணமுடித்துக் குடும்பம் நடத்தினார்கள். அக்காலத்தில் அது அபூர்வம். அமெரிக்க அதிபர்களான புஷ் தந்தை, மகன் இருவரும், நடிகர் ஹம்ப்ரி போகார்ட்டும் இந்த வழியில் வந்தவர்கள்தாம்.

இவ்வம்சத்தார் 1897-ல் ஜான் ஹோலண்ட் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் பிளிமத்தில் கூடுகிறார்கள். சங்கத்தில் சேர 'எங்கள் பாட்டி சொன்னார்' என்பது செல்லாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளைக் காட்டி வழிவழியாக மேலேறி, ஹோலண்டைத் தொட வேண்டும். ஆனால் இவர்களை நான் மதிப்பது வேறொன்றுக்காக. ஜானின் மகன் ஜபேஸ் வாழ்ந்த பழைய மரவீட்டை 1912-ல் சங்கமே விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது. மேஃப்ளவரில் வந்தவர்களின் காலடி பட்டதாகப் பிளிமத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே வீடு அதுதான். ஜான் தம்பதி குளிர்காலங்களில் அங்கே தங்கினார்கள் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. குடிப்பெருமை பேசுவதைவிட ஒரு கூரையைக் காப்பது பெரிய காரியம்.

ஆனால் பிளிமத் மண்ணுக்கு முன்பே உரியவர்கள் இருந்தார்கள். வாம்பனோக் பூர்வகுடி மக்களின் பட்டுக்செட் கிராமம் அங்கேதான் இருந்தது. கப்பல் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஐரோப்பியர் வழியாகப் பரவிய கொள்ளைநோய் அதை வெறுமையாக்கிவிட்டது. மேஃப்ளவர் வந்து 350 ஆண்டு ஆனதை 1970-ல் கொண்டாடியபோது, வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோக் தலைவரைப் பேச அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்தவர்கள், அதைப் பேசவிடவில்லை. அந்த ஆண்டு, அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாளன்று (தேங்க்ஸ்கிவிங்) அவர் பிளிமத்தின் கோல்ஸ் குன்றில் நின்று பேசினார். அன்றுமுதல் ஆண்டுதோறும் அதே நாளில் பூர்வகுடி மக்கள் அங்கே திரண்டு துக்கதினம் அனுசரிக்கிறார்கள்.

முதல் குளிர்காலத்தில் இறந்த மேஃப்ளவர் பயணிகளைப் புதைத்ததும் அதே குன்றில்தான்.

(தொடரும்)